செவலை உட்கார்ந்த பொதி

ஆத்தூர்
21-1-1979

அண்ணன் சண்முகவேலுக்கு,

தங்கை நல்லம்மாள் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை வந்திருந்தால் மிச்சத்தையும் படித்துவிடுங்கள். பன்னிரண்டு வருஷமாக நான் எழுதவில்லை, நீங்களும் எழுதவில்லை. அய்யன் செத்த அன்று வாசலில் அத்தனை சனத்துக்கு முன்னால், "அந்தத் தாள்ல கையெழுத்துப் போட்ட கையால கொள்ளி வெக்காதீங்க" என்று நான் கத்தியது உங்களுக்கு மறந்திருக்காது. அதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவும் இல்லை. இது வேறு விஷயம். இல்லை, அதே விஷயம்தான்.

நாமகிரிப்பேட்டை ரோட்டில் இடிந்து கிடந்த நம் துரை மில்லைப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள், தெரியுமா? காணும் பொங்கலுக்குப் போனோம். அவர், நான், பிள்ளைகள் இரண்டு பேர், அப்புறம் எங்கள் பஞ்சு குடோன் நாய்கள் இரண்டும். கடுகு பெட்டை; அய்யன் வளர்த்த நம் செவலையின் வம்சத்தில் நாலாவது தலைமுறை. இன்னொன்று ஜில்லா. ஜில்லா முழுக்கச் சுற்றிவிட்டுச் சோற்று நேரத்துக்குச் சரியாக வீடு வருவதால் அவர் வைத்த பெயர்.

பஞ்சு ஏற்றுகிற வேனில் வழி முழுக்கப் பிள்ளைகளுக்கு அய்யன் கதைதான். தாத்தா கந்தப்பன் துரை மில்லில் பொதிக் காவல். பஞ்சுப் பொதிக்குள் ஒரு பொறி விழுந்தால் உள்ளேயே கனிந்துகொண்டிருக்கும், வெளியே புகை தெரியப் பொழுது ஆகும். அதற்கு முன்னாலேயே தாத்தாவின் நாய் மோப்பம் பிடித்து, குரைக்காமல், அந்தப் பொதி முன்னால் போய் உட்கார்ந்துவிடும். 'நாய் உக்காந்துருச்சு' என்றால் மில்லே ஓடி வரும். இப்படியெல்லாம் பீற்றிக்கொண்டு போய் இறங்கினால் கேட்டில் காக்கிச் சட்டை போட்டவர் மறிக்கிறார்.

"நாய்க்கு அனுமதி இல்லீங்க. போர்டு பாருங்க."

"நாய் இல்லாம இந்த மில்லுக்குள்ள ஆளே நொழஞ்சதில்லீங்க," என்றேன். அவர் போர்டையே காட்டினார். எங்கள் வீட்டுக்காரர், "நீ புள்ளைங்களக் கூட்டிட்டுப் போ அம்மிணி, நாங்க மூணு பேரும் வெளிய நிக்கறோம்," என்று இரண்டு கயிற்றையும் வாங்கிக்கொண்டு புளியமரத்தடியில் நின்றார்.

உள்ளே அழகாகத்தான் இருக்கிறது. புகைபோக்கி அப்படியே நிற்கிறது. இன்ஜின் சக்கரத்துக்கு வெள்ளி வர்ணம் அடித்திருக்கிறார்கள். பொதி குடோன் இருந்த இடத்தில் கனகாம்பரப் பாத்தி. பாத்திக்கு நடுவில் ஒரு கல். பெரியவள் சத்தமாகப் படித்தாள்: 'வரலாற்றுச் சிறப்பு மிக்க இம்மில் 1961ஆம் ஆண்டு காவலாளியின் அசட்டையால் தீக்கிரையானது.'

"காவலாளின்னா யாரும்மா?" என்று கேட்டாள்.

"தெரியலை சாமி," என்றேன். வழி முழுக்கப் பேசிக்கொண்டு வந்தவள் நான். என் அய்யனை எனக்குத் தெரியாது என்று என் வாயாலேயே சொன்னேன் அண்ணா. அவளுக்கும் புரிந்துவிட்டது. திரும்பி வரும்வரை என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

அந்த வரி போக வேண்டும். நீங்கள் எழுதினால் போகும். எழுதுங்கள்.

நல்லம்மாள்


எடப்பாடி
2-2-1979

அம்மிணி நல்லம்மாளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நான், சாரதாமணி, குழந்தைகள் எல்லோரும் சுகம். எட்டுத் தறி ஓடுகிறது. நூல் கிடைப்பதுதான் சிரமமாக இருக்கிறது.

நீ எழுதியதைப் படித்தேன். கல்லில் அய்யன் பெயர் இல்லை. காவலாளி என்றுதான் இருக்கிறது. பூங்காவுக்கு ஊஞ்சல் ஆட வருகிறவர்கள் கல்லைப் படித்துவிட்டு அந்தக் காவலாளி யார் என்று தேடிப் போகப் போவதில்லை. பதினெட்டு வருஷம் ஆன விஷயம். கிளறுவதால் யாருக்கு என்ன பயன் என்று யோசித்துப் பார். நான் ஒரு வார்த்தை எழுதினால் அப்போது வேலை போன இருநூறு குடும்பமும் மறுபடி பேசும். அதில் பல பேர் இன்றைக்கும் எங்கள் பக்கம் தறிக்குப் பாவு நூல் வாங்க வருகிறவர்கள்.

ராசிபுரம் போகிற பஸ்ஸில் எப்போதாவது அந்த வழியாகப் போனால் புகைபோக்கி வருவதற்கு முன்னாலேயே நான் ஜன்னல் படுதாவை இறக்கிவிடுவேன். வெயில் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவேன்.

மாப்பிள்ளை சின்னண்ணனுக்கு என் நமஸ்காரம். கடுகு என்று எழுதியிருந்தாயே, அதற்கும் செவலை மாதிரி இடது காது மட்டும் மடங்கியிருக்குமா?

சண்முகவேல்


ஆத்தூர்
8-2-1979

அண்ணனுக்கு,

மடங்கியிருக்கிறது. காதை விசாரிக்கத் தெரிகிற மனுஷருக்குக் கல்லை விசாரிக்கத் தெரியவில்லை.

பூங்காக் கமிட்டித் தலைவர் மருதாசலத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல மனுஷர்தான், காப்பியெல்லாம் கொடுத்தார். பழைய பைலை எடுத்து வைத்து, "நாங்களா ஒண்ணும் எழுதலீங்க. பாருங்க, காவலாளி தூங்கிட்டாருன்னு எழுதி, அவரோட சொந்த மகனே கையெழுத்துப் போட்டிருக்காரு. பெத்த மகன் சொன்னதுக்கு மேல நாங்க என்னத்தங்க பாக்கறது?" என்றார். அந்தக் கையெழுத்தைப் பார்த்தேன். எனக்கு அரிச்சுவடி எழுதிக் கொடுத்த அதே கையெழுத்து. அந்தக் காலத்திலேயே 'ச'வுக்கு ஒரு கொக்கி போடுவீர்கள்.

அய்யன் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு மத்தியானம் சோறு கொண்டுபோனவள் நான். செவலை மூன்றாவது வரிசையில் ஒரு பொதி முன்னால் உட்கார்ந்திருந்தது. சீல் வைத்த பொதி, மேனேஜர் சீட்டு இல்லாமல் அய்யன் இழுக்க முடியாது. நாயை விட்டு நகரவும் முடியாது. "ஆபீசுல அண்ணங்கிட்டப் போயி நாய் உக்காந்துருச்சுன்னு சொல்லு சாமி, ஓடு," என்றார். ஓடிவந்து உங்களிடம் சொன்னேன். நீங்கள் புதுசாக முழுக்கைச் சட்டை போட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தீர்கள். "சரி, போ" என்றீர்கள்.

நீங்கள் சொல்லியும் அந்த மேனேஜர் அருணகிரி கேட்கவில்லை. அப்புறம் பழியை அய்யன் மேல் போட்டு, உங்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டார். இதுதானே நடந்தது? இதை அப்படியே எழுதுங்கள். இருபது வயதில் பயந்தீர்கள், சரி. இன்னும் என்ன பயம்?

இப்போது சும்மா உள்ளே விடுகிறார்கள், சித்திரை ஒன்றாம் தேதிதான் பூங்காவுக்கு முறையாகத் திறப்பு விழா. அதற்குள் கல்லை மாற்றினால்தான் உண்டு. அதற்கப்புறம் அது ஊர் வரலாறாகிவிடும்.

நல்லம்மாள்


எடப்பாடி
19-2-1979

நல்லம்மாள்,

இதை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சாரதாமணி அடுப்பில் போடத் தாள் கேட்டவள், "என்னதானுங்க எழுதறீங்க?" என்றாள். அவளிடம் சொன்னேன். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் அவளிடமும் இப்போதுதான் சொன்னேன். "மொதல்ல உங்க தங்கச்சிக்கு எழுதுங்க, அப்புறம் சாப்பிடலாம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ எழுதியதில் ஒன்று தப்பு. அருணகிரி கேட்காமல் இல்லை. நான் சொல்லவே இல்லை.

நீ வந்து சொன்னதும் எழுந்து மேனேஜர் அறைக்குப் போனேன். உள்ளே கோயமுத்தூரிலிருந்து பஞ்சு வாங்க வந்த மூன்று பேர். கோட்டுப் போட்டிருந்தார்கள். இங்கிலீஷில் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அருணகிரி நிமிர்ந்து, "என்ன?" என்றார். எனக்கு அந்த வேலை கிடைத்து ஒன்பதாவது நாள். பொதிக் காவல்காரன் மகன் என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது. அவர்கள் முன்னால் நின்று 'நாய் உக்காந்துருச்சுங்க' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. நாய் உட்கார்ந்தால் இவனுக்கு என்ன என்று சிரிப்பார்களே என்று நினைத்தேன்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.

அவர்கள் போனதும் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், சத்தியமாக. அவர்களுக்கு இரண்டாவது தடவை காப்பி வந்தது. அவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் குடோன் பக்கம் கத்துகிற சத்தம் வந்துவிட்டது. நான் ஓடிப் போனபோது மூன்றாவது வரிசை முழுக்க எரிகிறது. செவலை அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. பொதியை இழுத்தால்தானே அது எழுந்திருக்கும்? அய்யன் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அவருடைய வலது கை அப்படித்தான் வெந்தது.

விசாரணையில் அருணகிரி, "எனக்கு யாரும் சொல்லலை" என்றார். அது உண்மை. அப்படியானால் காவலாளி தூங்கியிருக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தார்கள். என்னை யாரும் மிரட்டவில்லை. பேனாவைக் கொடுத்தார்கள், போட்டேன். போடாவிட்டால் யாரிடம் சொன்னாய் என்று அய்யனைக் கேட்பார்கள், அவர் என்னைக் காட்டுவார் என்று பயந்தேன்.

அவர் காட்டவில்லை. வேலை போய் ஆறு வருஷம் வீட்டில் இருந்தார். ஒரு நாள்கூட என்னைக் கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

கொள்ளி வைக்காதே என்று நீ கத்தினாயே, அது சரிதான். நீ நினைத்ததைவிடச் சரி.

சண்முகவேல்


ஆத்தூர்
18-3-1979

அண்ணனுக்கு,

ஒரு மாசம் ஆகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று நான் கடுகிடம் மட்டும்தான் பேசினேன்.

உங்களுக்கு ஒன்று தெரியாது. இத்தனை வருஷமும் பழி பாதி என் மேல்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க ஓடிவந்தேனே, வார்த்தை சரியாக வந்ததோ என்னவோ, அண்ணன் காதில் விழுந்ததோ இல்லையோ, அதனால்தான் மேனேஜர் நம்பவில்லையோ என்று. பதினாலு வயசிலிருந்து, அண்ணா. பெரியவள் பிறந்த அன்று பிரசவ வலியில்கூட 'நாய் உக்காந்துருச்சு, நாய் உக்காந்துருச்சு' என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். நர்ஸ் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அத்தனையும் நீங்கள் தெரிந்தே வைத்திருந்தீர்கள். ஒரு கார்டு போட்டிருந்தால் போதும்.

நேரில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. நல்லவேளை நடுவில் இத்தனை ஊர் இருக்கிறது.

சரி, நடந்ததைக் கேளுங்கள். உங்கள் கடிதத்தை மருதாசலத்திடம் காட்டினேன். உங்களைக் கேட்காமல்தான் காட்டினேன், கோபம் வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம், "உங்கண்ணன் சொல்லலைங்கறது சரிங்க. ஆனா நாய் உக்காந்தா தீயின்னு எப்படிங்க கல்லுல வெட்டறது? ஊரு சிரிக்குமுங்க," என்றார்.

"சிரிக்குதான்னு பாத்துரலாமுங்க. முப்பது பஞ்சு மூட்டை போடுங்க. ஒண்ணுல மட்டும் கங்கு வெச்சு மூடுங்க. எங்க நாய் காட்டட்டும்," என்று சொல்லிவிட்டேன். வாய்தான் எனக்கு முந்திக்கொள்ளும் என்று உங்களுக்குத் தெரியுமே. கமிட்டி கூடிப் பேசி, சித்திரை ஒன்று அன்றைக்கே, ஊர் முன்னால் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்திருக்கிறது. நாய் காட்டினால் கல்லை மாற்றுவார்கள். தோற்றால் அந்த வரி அப்படியே நிற்கும், நான் இனி வாய் திறக்கக் கூடாது.

ஒரு நிபந்தனை. எங்கள் வீட்டில் யாரும் நாயைப் பிடிக்கக் கூடாதாம், சைகை காட்டிவிடுவோமாம். மருதாசலமே சொன்னார்: "கையெழுத்துப் போட்ட மகனே வந்து பிடிக்கட்டும். அவருக்கும் நாய்க்கும் பழக்கமில்லை."

என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதாதீர்கள். கேட்க வேண்டிய இடம் நான் இல்லை. வருகிறீர்களா, இல்லையா?

நல்லம்மாள்


(கார்டு)
எடப்பாடி
24-3-1979

நல்லம்மாள்,

நாய் என்றால் எனக்குப் பயம் என்று உனக்குத் தெரியும். செவலைக்கே நான் தூர நின்றுதான் சோறு வைப்பேன். அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போக அதைவிடப் பயம்.

வாரேன்.

சண்முகவேல்


ஆத்தூர்
3-4-1979

அண்ணனுக்கு,

விழாவுக்கு நான் வர முடியாது. சிரிக்காதீர்கள். எங்கள் பஞ்சு குடோன் படியில் சறுக்கி விழுந்து கணுக்காலில் எலும்பு முறிந்து, கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடக்கிறேன். மே மாசம் முடியும்வரை காலை ஊன்றக் கூடாதாம். ஊரைக் கூட்டிச் சவால் விட்டவள் கட்டிலில், நாய்க்குப் பயந்தவர் களத்தில். அய்யன் இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

அதனால் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள்.

அவரும் பிள்ளைகளும் நாய்களை வேனில் கொண்டுவந்து கேட்டில் உங்களிடம் விடுவார்கள். முதலில் கையை மூடி, கீழே தாழ்த்தி, கடுகின் மூக்குக்கு முன்னால் காட்டுங்கள். மேலே இருந்து தலையைத் தடவப் போகாதீர்கள், அதற்குப் பிடிக்காது. சட்டைப் பையில் கருவாட்டுத் தலை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டையில் வாடை ஏறும், ஏறட்டும்.

கயிற்றை லூசாக விடுங்கள். 'தேடு' என்று ஒரு தடவை சொன்னால் போதும். நின்றால் நில்லுங்கள், இழுக்காதீர்கள். திரும்பிப் போனாலும் பின்னாலேயே போங்கள். அணைந்த தீக்கு அது உட்காராது, எரிகிற தீக்குத்தான் உட்காரும். அய்யன் குட்டியிலிருந்து அப்படித்தான் பழக்குவார், நானும் அப்படித்தான் பழக்கியிருக்கிறேன். ஜில்லாவை நம்பாதீர்கள், அது சும்மா துணைக்கு வருகிறது.

கடைசியாக ஒன்று. கடுகு உட்கார்ந்தால் நீங்கள் வாய் விட்டுச் சொல்ல வேண்டும். முணுமுணுக்கக் கூடாது. பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னால்தான் அது உங்களைத் திரும்பிப் பார்க்கும். என்ன சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும்.

நல்லம்மாள்

பி.கு. நங்கை சாரதாமணியையும் குழந்தைகளையும் கட்டாயம் கூட்டி வரச் சொன்னேன் என்று சொல்லுங்கள். மாமன் வீட்டுப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று இங்கே இரண்டும் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.


எடப்பாடி
15-4-1979

அம்மிணி நல்லம்மாளுக்கு,

மாப்பிள்ளையும் பிள்ளைகளும் வந்து எல்லாம் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் என் கையால் எழுத வேண்டும். விடிந்ததிலிருந்து தறி ஓட்டவில்லை. சாரதாமணி தறிக்காரர்களுக்கு லீவு விட்டுவிட்டாள்.

நேற்றுக் காலையில் அந்தக் கேட்டுக்குள் போனேன். திருவிழாக் கூட்டம். நிலக்கடலை விற்கிறார்கள், மைக் செட் அலறுகிறது. பழைய மில் ஆட்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். பொதி கட்டுகிற பிரஸ்ஸில் வேலை பார்த்த வீரபாகுவைப் பார்த்தேன், தலை நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். காக்கிச் சட்டைக்காரர் கடுகையும் ஜில்லாவையும் கண்டதும் கையை நீட்டி மறித்தார். மருதாசலம், "இன்னிக்கு விடுங்க," என்றார்.

பொதி குடோன் தரையில், கனகாம்பரப் பாத்தியை ஒட்டி, முப்பது மூட்டையும் வரிசையாக அடுக்கி, நம்பர் எழுதி, பக்கத்தில் டிரம்மில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். எதில் கங்கு என்று மருதாசலத்துக்கும் அதை வைத்த ஆளுக்கும் மட்டும்தான் தெரியும்.

நீ சொன்ன மாதிரி கையை மூடித் தாழ்த்திக் காட்டினேன். கடுகு முகர்ந்து பார்த்துவிட்டு நேராக என் சட்டைப் பைக்கு மூக்கை நீட்டியது. கூட்டம் சிரித்தது. 'தேடு' என்றேன். ஜில்லா முதல் காரியமாக ஐந்தாம் நம்பர் மூட்டையில் காலைத் தூக்கியது. மைக்கில் இருந்தவர், "ஜில்லா அஞ்சாம் நம்பர் தீய அணைச்சிருச்சுங்கோ!" என்று கத்தினார். சனம் புரண்டு புரண்டு சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, நல்லம்மாள். அதே சூடு. அந்த மேனேஜர் அறையில் நின்ற அதே சூடு.

கடுகு யாரையும் கவனிக்கவில்லை. ஒவ்வொரு மூட்டையாகப் போனது. ஏழாவதில் நின்றது. ஒரு நிமிஷம் முகர்ந்தது, தும்மியது, விட்டுவிட்டுப் போய்விட்டது. பதினைந்து, பதினாறு. பத்தொன்பதில் திரும்பியது. இரண்டு சுற்றுச் சுற்றியது. அப்புறம் அந்த மடங்கின காதோடு, மூட்டைக்கு நேராக, உட்கார்ந்தது.

மருதாசலம் என் பக்கத்தில் வந்து மெதுவாக, "தப்புங்க. ஏழாம் நம்பருங்க. பரவாயில்லை, வாயில்லாச் சீவன் என்ன பண்ணும், விட்டுருங்க," என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என்னைக் கூட்டத்தில் அவமானப்படுத்தாமல் அனுப்பத்தான் பார்த்தார். சரிங்க என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 'ஒண்ணுமில்லீங்க' என்கிற வார்த்தை வாய்க்குள் வந்தேவிட்டது.

கடுகைப் பார்த்தேன். அது அசையவில்லை. செவலை இப்படித்தானே உட்கார்ந்திருக்கும், நான் கதவைச் சாத்திவிட்டு வந்த நேரம் முழுக்க?

"நாய் உக்காந்துருச்சு!" என்று கத்தினேன்.

என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. மைக் நின்றுவிட்டது. மறுபடி கத்தினேன். "நாய் உக்காந்துருச்சு! பொதிய இழுங்க!"

கமிட்டி ஆட்கள் மருதாசலத்தைப் பார்த்தார்கள். அவர் தயங்கினார். அதற்குள் கூட்டத்திலிருந்து வீரபாகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார், பின்னாலேயே இன்னும் ரெண்டு பழைய ஆட்கள். யாரிடமும் கேட்கவில்லை. பத்தொன்பதாம் மூட்டையை இழுத்துத் தரையில் போட்டுக் கிழித்தார்கள். உள்ளே கையகலத்துக்குக் கறுத்து, நடுவில் சிவப்பாகக் கனிந்துகொண்டிருந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று பற்றியது. தண்ணீர் ஊற்றினார்கள்.

அப்புறம் ஏழாம் நம்பரைப் பிரித்தார்கள். அதில் வைத்த கங்கு மூச்சு முட்டிக் கருகி எப்போதோ அணைந்துபோய்விட்டது. கொட்டாங்குச்சியில் கங்கைக் கொண்டுபோன ஆள் பத்தொன்பதைத் தாண்டும்போது பொறி விழுந்திருக்கிறது, அவருக்கே தெரியாது. அங்கே இருந்த அத்தனை பேரில் யாருக்குமே தெரியாத தீ, நல்லம்மாள். கடுகுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் முப்பது மூட்டையும் எரிந்திருக்கும், சுற்றிக் குழந்தைகள்.

கூட்டம் போட்ட சத்தத்தில் புகைபோக்கியில் இருந்த புறா எல்லாம் கிளம்பிவிட்டது. வீரபாகு கடுகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். உன் பெரியவள் ஓடிப் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இங்க காவல் இருந்தவரு எங்க தாத்தா கந்தப்பன்!" என்று கத்தினாள். வாய் உன் வாய்தான். நான் அந்த மைக்கை வாங்கி, முழுக்கைச் சட்டையில் கருவாட்டு வாடையோடு நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். கோயமுத்தூர்க்காரர்கள், காப்பி, கதவு, கையெழுத்து. ஒன்றையும் விடவில்லை. இருநூறு குடும்பம் பேசும் என்று எழுதியிருந்தேனே. பேசினார்கள். ஒரு அம்மா வந்து, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சாமி," என்று அழுதார். நானும் அழுதேன். வீரபாகு மட்டும், "இன்னிக்காச்சும் சொன்னியே," என்று என் தோளில் கை வைத்தார்.

கல்லில் என்ன வெட்டுவது என்று என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்திருக்கிறேன்: 'இங்கே பொதிக் காவல் இருந்தவர் கந்தப்பன். 1961இல் தீப்பிடித்த அன்று அவர் தூங்கவில்லை. அவருடைய நாய் செவலை உட்கார்ந்தது. அவர் சொல்லி அனுப்பினார். கேட்டவன், அவர் மகன் சண்முகவேல், மேலே சொல்லவில்லை.'

உனக்குச் சம்மதமா?

உன் அண்ணன்
சண்முகவேல்


ஆத்தூர்
10-6-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

கட்டுப் பிரித்த மறுநாளே வண்டி கட்டச் சொல்லிவிட்டேன். நேற்றுப் போய்வந்தோம், அவர், நான், பிள்ளைகள், கடுகு, ஜில்லா, எல்லோரும்.

கேட்டில் அதே காக்கிச் சட்டைக்காரர். போர்டைக் கழற்றவில்லை, ஆனால் கீழே ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்கள்: 'கந்தப்பன் குடும்பத்து நாய்கள் நீங்கலாக.' கடுகுக்கு அவர் எழுந்து சலாம் வைத்தார். ஜில்லா அந்தச் சலாம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு முன்னால் நடந்தது.

கல்லைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதில் கடைசி வரியை நான் எடுக்கச் சொன்னதாக மருதாசலம் உங்களுக்கு எழுதியிருப்பார். ஆமாம், நான்தான் சொன்னேன். உங்களுக்காக இல்லை. அய்யன் உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று எழுதினீர்களே, அவர் காட்டிக் கொடுக்காத பேரை நான் எதற்குக் கல்லில் வெட்ட வேண்டும்? நீங்கள்தான் ஊர் முன்னால் சொல்லிவிட்டீர்களே. அது போதும். 'அவர் சொல்லி அனுப்பினார்' என்பதோடு நிறுத்தச் சொன்னேன். அந்த அனுப்பின ஆள் நான். அதுவும் எனக்குப் போதும்.

சின்னது படித்துவிட்டு, "கந்தப்பன்னா யாரும்மா?" என்று வேண்டுமென்றே கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் பெரியவள், "எங்கம்மாவோட அய்யன்!" என்று பூங்காவுக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கடலை விற்கிறவர்கூடத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

வைகாசி விசாகத்துக்கு நீங்கள் இங்கே வரவில்லை என்று எனக்குக் கோபம். ஆடி பதினெட்டுக்கு அய்யனுக்குப் படையல் வைக்கிறோம். நீங்கள் வந்துதான் வைக்க வேண்டும், உங்கள் கையால். நான் அன்றைக்குச் சொன்னதை இப்போது திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

கடுகைக் கயிறு அவிழ்த்து அந்தக் குடோன் தரை முழுக்க விட்டுப் பார்த்தேன். மூன்றாவது வரிசை இருந்த இடத்தையெல்லாம் மோந்துகொண்டே போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கல்லுக்குப் பக்கத்தில் வந்து இரண்டு சுற்றுச் சுற்றியது.

உட்காரவில்லை, அண்ணா. கல் நிழலில் காலை நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது.

உங்கள் தங்கை
நல்லம்மாள்